அரை கிராமில் ஒரு தங்கக் குண்டு: இத்தாலியக் குடியானவர் நகைகள் பற்றி

இத்தாலியின் நடுவில் அப்ருட்ஸோ என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அங்கே கிராமத்துப் பெண்கள் போட்டிருந்த காதணிகளைப் படத்தில் பார்த்தால், முதலில் அந்தக் காதுகளை நினைத்துத்தான் கவலை வரும். பிறை வடிவம், பெரிய அளவு, கீழே வரிசையாகத் தொங்கல்கள். நடந்தால் தொங்கல்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். ஆனால் அதே காதணியைக் கையில் வாங்கிப் பார்த்தால் எடையே தெரியாது. உள்ளே வெறும் காற்று.

இத்தாலியக் குடியானவர் நகை என்று சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள இந்தக் காற்றிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. இந்தப் பெயரை ஆளாளுக்கு ஒரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலே குடியானவர் நகை என்கிறார் ஒருவர். சிவப்புப் பவளம் கோத்த எதுவும் அதுதான் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டாயிரம் வருடப் பழமை என்று விலை ஏற்றுகிறார். மூன்று பேச்சிலும் அந்த நகையைப் போட்டிருந்த பெண் காணாமல் போய்விடுகிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பெயரில் இருக்கும் குழப்பம்

கல்யாணப் புடவை என்றால் மணப்பெண் தானே நெய்த புடவை என்று யாரும் நினைப்பதில்லை. நெய்தவர் வேறு, உடுத்துபவர் வேறு. குடியானவர் நகையும் அப்படித்தான். வயலில் வேலை செய்தவர்கள் மாலையில் உட்கார்ந்து செய்த நகை இல்லை இது. பயிற்சி பெற்ற பொற்கொல்லர்கள் செய்து, கிராமத்தார் வாங்கிய நகை.

அந்தப் பொற்கொல்லர்கள் ஊர்களிலும் நகரங்களிலும் பட்டறை வைத்திருந்தார்கள். அப்ருட்ஸோவில் ஸ்கான்னோ, குவார்தியாக்ரேலே, அதை ஒட்டிய மோலிசேயில் அன்யோனே போன்ற சிறிய மலையூர்களிலேயே நல்ல வேலைக்காரர்கள் இருந்தார்கள். தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில் பொற்கொல்லர்களுக்கென்றே ஒரு பேட்டை உண்டு, இன்றும் அங்கே நகைக்கடைகள்தான். ஊர்த் திருவிழாச் சந்தைகளில் நகை விற்பனை நடக்கும். அறுவடை முடிந்து, கம்பளி விற்றுக் காசு கையில் இருக்கிற நேரம் பார்த்து வாங்குவார்கள்.

இத்தாலிய மொழியில் இதற்கு வழங்கும் பெயர் 'ஓரெஃபிச்செரியா போப்போலாரே', அதாவது மக்களின் பொன்வேலை. இந்தப் பெயர்தான் பொருத்தமானது என்று நினைக்கிறேன். வாங்கியவர்களில் உழவர்கள் மட்டுமல்ல, ஆடு மேய்ப்பவர்கள், மீனவர்கள், ஊர்த் தொழிலாளிகள் வீட்டுப் பெண்களும் உண்டு. ஆனால் நிலமே இல்லாத தினக்கூலிக் குடும்பத்தில் பெரிய நகை இருந்திருக்காது. ஒரு சின்னப் பவளச் சரம், ஒரு ஜோடி வளையக் காதணி, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிவிடலாம். 'குடியானவர்' என்ற சொல் செய்தவரைக் குறிக்கவில்லை, அணிந்தவரைக் குறிக்கிறது. செய்தவர் தொழில் தெரிந்த பொற்கொல்லர். அப்படியென்றால் அடுத்த கேள்வி: கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கிற ஒருத்திக்கு அவர் எப்படி இவ்வளவு பெரிய நகையைச் செய்து கொடுத்தார்?

பூரி கணக்கு

ஒரு சின்ன உருண்டை மாவைத் தேய்த்து எண்ணெயில் போட்டால் பூரி உள்ளங்கை அளவுக்கு உப்பி வருகிறது. மாவு கூடவில்லை, மெல்லிய தோலுக்குள் காற்று நிரம்பியிருக்கிறது. இந்த நகைகளின் முதல் உத்தி இதுதான்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு தங்கக் குண்டை எடுத்துக்கொள்வோம். 18 கேரட் தங்கத்தில் கெட்டியாக வார்த்தால் சுமார் 8 கிராம், அதாவது ஒரு பவுன் ஆகும். அதே குண்டை 0.1 மி.மீ. கனமுள்ள தகட்டில் இரண்டு அரைக் கிண்ணங்களாகத் தட்டி, வாயோடு வாய் சேர்த்து ஒட்டினால் அரை கிராம்தான் பிடிக்கும். வடமேற்கே பியெமொந்தே பகுதிப் பெண்கள் 'தொரின்' என்ற உள்ளீடற்ற தங்கக் குண்டுகளைச் சரமாகக் கோத்துப் போட்டார்கள். நம் கணக்குப்படி 40 குண்டுச் சரம் கெட்டியாக இருந்தால் 40 பவுன். உள்ளீடற்றதாக இருந்தால் இரண்டரைப் பவுன். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டாவது உத்தி தங்கத்தின் தரத்தில் இருக்கிறது. கேரட் என்பது 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும் அளவு. 18 கேரட் என்றால் முக்கால் பங்கு தங்கம், 12 கேரட் என்றால் பாதி. மீதி செம்பும் வெள்ளியும். கிராமத்து நகைகள் பலவும் குறைந்த கேரட்டில்தான் செய்யப்பட்டன. இத்தாலியர்கள் இதை 'ஓரோ பாஸ்ஸோ', தாழ்ந்த பொன் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சுத்தத் தங்கம் மிருதுவானது. காகித மெலிவில் தகடு தட்டி அதில் குண்டு செய்தால் விரல் பட்டாலே நசுங்கும். செம்பும் வெள்ளியும் சேர்ந்தால்தான் அந்த மெல்லிய தோல் நிற்கும். விலை குறைவதும் உறுதி கூடுவதும் ஒரே கலவையில் நடக்கிறது.

நூலும் மணியும்: கம்பி வேலை

மூன்றாவது உத்திதான் இந்த நகைகளின் உயிர். தகடே இல்லாமல் கம்பியை மட்டும் வளைத்து, நெளித்து, சுருட்டி ஒட்டி நகை செய்வது. இத்தாலிய மொழியில் இதன் பெயர் 'ஃபிலிக்ரானா'. லத்தீன் மொழியில் ஃபீலும் என்றால் நூல், கிரானும் என்றால் தானிய மணி. நூல் போன்ற கம்பியும் மணி போன்ற பொட்டும் சேர்ந்த வேலை. நாம் இங்கே கம்பி வேலை என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலில் கம்பி வேண்டும். இடியாப்பம் பிழிவதைக் கற்பனை செய்யுங்கள், ஆனால் ஒரு வித்தியாசம்: மாவை மேலிருந்து அழுத்துகிறோம், கம்பியை மறுபக்கத்திலிருந்து இழுக்கிறார்கள். வரிசையாக, ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் போட்ட எஃகுத் தகட்டின் வழியாக வெள்ளியையோ தங்கத்தையோ இழுக்க இழுக்க அது நீண்டு மெலிகிறது. இழுக்கும்போது உலோகம் இறுகிப்போகும். மேலும் இழுத்தால் அறுந்துவிடும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்குவார்கள்.

அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முடி போன்ற இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கயிறு போல முறுக்குகிறார்கள். முறுக்கியதை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குகிறார்கள். இப்போது அந்தப் பட்டையின் ஓரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கம்பி மாதிரியே தெரியாது, கடுகைவிடச் சின்ன மணிகளை வரிசையாகக் கோத்த மாதிரி இருக்கும். நகை முழுக்க மினுமினுப்பதற்குக் காரணம் அந்த ஓரம்தான். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு துளி வெளிச்சம் தனித்தனியாகப் படுகிறது.

கொஞ்சம் தடித்த கம்பியில் இதழ், இலை, நட்சத்திரம் என்று சட்டம் கட்டி, முறுக்குக் கம்பியைச் சிறுசிறு சுருளாக்கிச் சட்டத்துக்குள் நெருக்கி அடுக்குவார்கள். பசை எதுவும் இல்லாமல் சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானாகவே நிற்கும்.

இனி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கான உலோகக் கலவைக்குப் பற்றாசு என்று பெயர். நகையின் உலோகத்தைவிடக் குறைந்த சூட்டில் அது உருகும். கம்பி வேலைக்கு அதைப் பொடியாக அராவி, வெண்காரத்தோடு கலந்து, கோலப்பொடி போல மேலே தூவுகிறார்கள். தீயை ஊதும்போது பொடி உருகுகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, கம்பிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகள் சில நொடிகளில் ஒன்றாகப் பிடித்துவிடும். வெள்ளி 960 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். பற்றாசு அதற்குக் கொஞ்சம் கீழே. அந்த இடைவெளிக்குள் தீயை நிறுத்தத் தெரிய வேண்டும். ஒரு மூச்சு கூடினால் பல நாள் வேலை உருகி ஒரு உருண்டையாகிவிடும். அளவுமானி எதுவும் இல்லாத பட்டறையில் உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள்.

இதுவரை பார்த்த உத்திகள் மூன்று: உள்ளீடற்ற வடிவம், குறைந்த கேரட், கம்பி வேலை. மூன்றுமே ஒரே வேலையைச் செய்கின்றன. உலோகத்தைக் குறைத்து, அந்த இடத்தில் கைத்திறனை வைக்கின்றன.

ஒரு சார்தீனியப் பொத்தான்

மேற்குக் கடலில் இருக்கும் சார்தீனியா தீவில் இந்தக் கம்பி வேலை உச்சத்துக்குப் போனது. அங்கே சட்டைப் பொத்தானே நகை. கம்பியால் செய்த இரண்டு அரைக்கோளங்கள், ஒவ்வொன்றின் மேலும் வட்டம் வட்டமாக மணிப்பொட்டுகள், உச்சியில் சில சமயம் ஒரு நீலக்கல் அல்லது பவளம். இந்த மாதிரி இரண்டு பொத்தான்களை ஒரு சிறு இணைப்பால் சேர்த்துக் கழுத்துப் பட்டியை மூடுவார்கள். மணிக்கட்டிலும் உண்டு. ஆண், பெண் இருவருமே அணிந்தார்கள்.

சாதாரணமாக ஒரு பொத்தானை நாம் கவனிப்பதே இல்லை. இங்கே வெள்ளைச் சட்டையின் கழுத்தில் அது ஒன்றுதான் ஒளிரும். துணியை மூடுகிற வேலையையும் செய்துகொண்டு, குடும்பத்தின் வசதியையும் சொல்லிவிடுகிறது. இந்த வடிவத்துக்குப் பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியரின் பெண் தெய்வத்தின் மார்பகம்தான் மூலம் என்று ஒரு கதை உலவுகிறது. அதைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம், வரலாறாக எழுத வேண்டாம்.

பெட்டியில் இருந்த வங்கி

இவ்வளவு மெனக்கெட்டு நகை வாங்கியது அழகுக்காக மட்டுமா? அழகும்தான். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாத கிராமத்தில் பணத்தை வைக்க வேறு இடம் கிடையாது. விளைச்சல் நன்றாக இருந்த வருடம் ஒரு காதணி, அடுத்த நல்ல வருடம் ஒரு சங்கிலி. மகளின் கல்யாணத்தில் அது சீதனமாகப் போகும். சீதனப் பட்டியலைச் சட்ட எழுத்தர் முன்னால் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. துணி, படுக்கை, பாத்திரத்தோடு நகையும் அதில் ஏறும்.

கெட்ட வருடம் வந்தால் நகை அடகுக்குப் போகும். இத்தாலியில் இதற்கென்றே 'மோந்தே தி பியெதா' என்ற அடகு நிலையங்கள் உண்டு. ஏழைகள் கந்துவட்டிக்காரரிடம் சிக்காமல் இருக்க ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலில் தொடங்கப்பட்டவை. பெருஜா நகரத்தில் 1462-இல் வந்தது அவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. மீட்க முடிந்தால் நகை வீட்டுக்குத் திரும்பும். முடியாவிட்டால் வேறொரு குடும்பத்துக்குப் போகும், அல்லது உருக்கப்படும். 18-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய கிராமத்து நகை இன்று அரிதாகவே கிடைப்பதற்கு உருக்குவது ஒரு முக்கியக் காரணம்.

நகையைப் படிப்பது

1861-இல் ஒன்றாகும் வரை இத்தாலி பல தனி அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை, தனி வழக்கம். அதனால் நகையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்கிற நிலைமை இருந்தது.

வடக்கே மிலானுக்கு மேலே பிரியான்ஸா பகுதியில் பெண்கள் பின்னலைப் பிடரியில் சுருட்டி, அதைச் சுற்றி வெள்ளி ஊசிகளை விசிறி போலச் செருகினார்கள். பின்னாலிருந்து பார்த்தால் சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம் மாதிரி தெரியும். கீழே குறுக்காக ஒரு நீள ஊசி, இரு முனையிலும் முட்டை வடிவக் குமிழ். 'ஸ்பெராதா' என்று இதற்குப் பெயர். நிச்சயதார்த்தத்தை ஒட்டி இது தலையில் ஏறுவது வழக்கம், ஆக ஊசிகளைப் பார்த்தாலே பெண்ணின் நிலை தெரிந்துவிடும்.

அப்ருட்ஸோவில் 'பிரெசெந்தோசா' என்ற பதக்கம் உண்டு. நட்சத்திரம் போன்ற வட்டம், முழுக்கக் கம்பி வேலை, நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு இதயங்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்கு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இந்த நகை என்றால் இந்த அர்த்தம்' என்று அகராதி மாதிரி எழுதிவிடுவது சுலபம். ஒரு பள்ளத்தாக்கில் நிச்சயத்தைக் குறித்தது அடுத்த பள்ளத்தாக்கில் வெறும் பண்டிகை நகையாக இருந்திருக்கலாம். எந்த ஊர், எந்தக் காலம் என்று தெரியாமல் அர்த்தம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

பவளமும் கண்ணேறும்

கடைசியாக, கெட்டது அண்டாமல் காக்கும் நகை. கண்ணேறு என்ற நம்பிக்கை இத்தாலியிலும் பலமாக உண்டு. 'மாலோக்கியோ', கெட்ட கண் என்பார்கள். இந்த நகைகளில் பாதிக்கு அதுதான் எதிரி.

சிவப்புப் பவளம் இதில் முதலிடம். பார்க்கச் செடி மாதிரி கிளை விட்டிருந்தாலும் அது மத்திய தரைக்கடலின் பாறைகளில் கூட்டமாக வாழும் சிற்றுயிர்களின் எலும்புக்கூடு. குழந்தையின் கழுத்தில் பவளச் சரம் கட்டினால் தீங்கு அண்டாது என்று நம்பினார்கள். இது ஏழைகளின் நம்பிக்கை மட்டுமல்ல. 15-ஆம் நூற்றாண்டில் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்து, இன்று உர்பினோவில் இருக்கும் மாதா ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கழுத்திலேயே பவளம் தொங்குகிறது. அரண்மனையில் இருந்த வழக்கம் கிராமத்தில் இன்னும் நீண்ட காலம் நின்றது, அவ்வளவுதான்.

நேப்பிள்ஸ் பக்கத்தில் வெசுவியஸ் எரிமலையின் அடியில் தோர்ரே தெல் கிரேக்கோ என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து படகுகள் சார்தீனியாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்ப் பவளம் எடுத்து வரும். 1878-இல் பவளம் செதுக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியே அங்கே வந்தது. இதே பவளத்தின் ஒரு கிளை நம் ஊருக்கும் நீண்டிருக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து மத்திய தரைக்கடல் பவளம் லண்டன் யூத வணிகர்கள் வழியாக மதராஸுக்கு வந்தது, பதிலுக்கு வைரம் போனது. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று இன்றும் பெயர் நிற்கிறதே, அது இந்த வியாபாரத்தின் மிச்சம்.

பவளத்தோடு வேறு பொருள்களும் சேரும். நேப்பிள்ஸில் 'சிமாருதா' என்ற வெள்ளித் தாயத்து: அருவதாச் செடியின் ஒரு கொத்து, அதன் கிளை நுனிகளில் பிறை, சாவி, பூ, கை என்று சின்னச் சின்ன உருவங்கள். குழந்தையின் தொட்டிலிலும் உடையிலும் தொங்கவிடுவார்கள். சார்தீனியாவில் கறுப்புக் கல் உருண்டை ஒன்றை வெள்ளியில் பிடித்து 'சு கோக்கு' என்றார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வெள்ளைக் கல், பால் சுரக்க வேண்டும் என்பதற்காக. இதன் தர்க்கம் எளிது: வெள்ளை பாலைப் போல இருக்கிறது, சிவப்பு ரத்தத்தைப் போல இருக்கிறது, ஒத்தது ஒத்ததைக் காக்கும். ஜுசெப்பே பெல்லூச்சி என்ற அறிஞர் இத்தகைய தாயத்துகளை ஏராளமாகச் சேகரித்தார். அந்தத் தொகுப்பு பெருஜாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓநாய்ப் பல்லை வெள்ளிப் பூணில் பிடித்ததெல்லாம் இப்படிப்பட்ட தாயத்துகளில் உண்டு.

ஆக, ஒரே பெண்ணின் கழுத்தில் சேமிப்பு, ஊர் அடையாளம், காப்பு மூன்றும் ஒன்றாகத் தொங்கின. எது எங்கே முடிகிறது என்று அவளே பிரித்துப் பார்த்திருக்க மாட்டாள்.

இரண்டாயிரம் வருடப் பழமையா?

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1814-இல் ரோமில் பட்டறை தொடங்கிய கஸ்தெல்லானி குடும்பம், பூமிக்கடியில் கிடைத்த எட்ருஸ்கன் நகைகளைப் பார்த்து மீண்டும் செய்ய முயன்றது. எட்ருஸ்கன் மக்கள் ரோமானியருக்கு முன்பே நடு இத்தாலியில் வாழ்ந்தவர்கள், பொன்வேலையில் கெட்டிக்காரர்கள். அந்த நுட்பம் எங்காவது உயிரோடு இருக்குமா என்று தேடியவர்கள், மார்க்கே மலைப்பகுதியின் சாந்த் ஆஞ்செலோ இன் வாதோ என்ற ஊரில் பழைய முறையில் கிராமத்து நகை செய்துகொண்டிருந்த கைவினைஞர்களைக் கண்டு, ரோமுக்கு அழைத்து வந்தார்கள். நாடு முழுவதும் குடியானவர் நகைகளைச் சேகரித்து 1867 பாரிஸ் கண்காட்சியிலும் வைத்தார்கள். அந்தத் தொகுப்பை லண்டன் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான்.

நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து கிராமத்து நகை என்றால் எட்ருஸ்கன் காலத்திலிருந்து மாறாமல் வந்தது என்ற எண்ணமும் பரவிவிட்டது. அந்த நகைகளில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பல காதணிகளின் வடிவம் நகரத்துச் சீமாட்டிகளின் பழைய ஃபேஷனிலிருந்து மெல்லக் கீழிறங்கி வந்தது. கம்பி இழுப்பதும் பொடி தூவி ஒட்டுவதும் பழைய நுட்பங்கள்தான். நகை பழையது என்று அதற்கு அர்த்தமில்லை. அரிசி சோறு வடிப்பது மிகப் பழைய வித்தை, இன்று வடித்த சோறு இன்றையதுதான்.

பெட்டி காலியானது

1935 டிசம்பர் 18. எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக இத்தாலி மேல் பொருளாதாரத் தடை விழுந்து சரியாக ஒரு மாதம். முசோலினி அரசு அந்த நாளை 'ஜோர்னாதா தெல்லா ஃபேதே' என்று அறிவித்தது. 'ஃபேதே' என்ற சொல்லுக்கு விசுவாசம் என்றும் பொருள், கல்யாண மோதிரம் என்றும் பொருள். நாடு முழுக்கப் பெண்கள் வரிசையில் நின்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். ரோமில் ராணி எலேனாவே முதலில் கொடுத்தார். பதிலுக்கு மலிவான உலோக மோதிரம் ஒன்று கிடைத்தது. மோதிரத்தோடு வேறு நகைகளும் போயின. வறுமையிலும், பிழைப்புத் தேடி வெளிநாட்டுக்குக் கப்பலேறியவர்களின் பயணச் செலவிலும் கரைந்தது போக மீதி இருந்ததில் ஒரு பங்கு அன்று உலைக்குப் போனது.

தப்பியவற்றில் பல இன்று ரோமில் இருக்கும் நாட்டார் கலைத் தொகுப்பில் உள்ளன. லம்பெர்தோ லோரியா என்பவர் முன்னின்று 1911 ரோம் கண்காட்சிக்காகத் திரட்டியதுதான் அதன் அடித்தளம். ஒரு பழைய காதணியை அங்கேயோ வேறெங்கேயோ பார்க்க வாய்த்தால் முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள், முடிந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். கொக்கி தேய்ந்து மெலிந்திருக்கும். ஒரு தொங்கல் மட்டும் மற்றதோடு நிறம் ஒத்துப்போகாது. குண்டில் விழுந்த நசுங்கலை யாரோ உள்ளிருந்து நிமிர்த்த முயன்றிருப்பார்கள். ஈயம் வைத்து அவசரமாக ஒட்டிய சாம்பல் நிறத் தழும்பு ஒன்று இருக்கலாம். அதுவெல்லாம் தினமும் காதில் கிடந்த நகைக்கு வருவது.

சார்தீனியாவில் இன்னும் பெட்டி முழுக்கக் காலியாகவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீவில் பரவியிருந்த கொள்ளைநோயின்போது காலியரி நகரம் ஒரு நேர்த்திக்கடன் வைத்தது. அதன்படி ஒவ்வொரு மே 1-ஆம் தேதியும் புனித எஃபிசியோவின் ஊர்வலம் புறப்படுகிறது. தீவின் ஊர்களிலிருந்து வரும் ஆண்களும் பெண்களும் அவரவர் ஊர் உடையில் நடக்கிறார்கள். வெள்ளைச் சட்டைகளின் கழுத்தில் கம்பி வேலைப் பொத்தான்கள், பாட்டியிடமிருந்து வந்தவையும் போன வருடம் பட்டறையில் செய்தவையும் கலந்து, மே மாத வெயிலில் மினுங்கிக்கொண்டு போகின்றன.